வாச்சாத்தி அப்பீல் தள்ளுபடி: அதிகாரிங்க என்ன வாதம் வெச்சாங்க, ஹைகோர்ட் ஏன் ஏத்துக்கல

2023 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. சென்னை ஹைகோர்ட்ல நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்தி கேஸ் அப்பீல் எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணினார். தருமபுரி செஷன்ஸ் கோர்ட் கொடுத்த தண்டனை அப்படியே உறுதியாச்சு. கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. அதே தேதி, சரியா 12 வருஷம் கழிச்சு. சந்தனக்கட்டை ரெய்டுன்னு போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க வாச்சாத்திங்கற பழங்குடி கிராமத்துல ஊர்க்காரங்களை அடிச்சு, பெண்களைப் பாலியல் வன்கொடுமை பண்ணின சம்பவம் நடந்தது 1992 ஜூன் 20. அப்போ பிறந்த குழந்தைக்கு இந்த அப்பீல் முடியும்போது 31 வயசு.

அன்னைக்கு நியூஸ்ல எல்லாம் "215 பேர் தண்டனை உறுதி, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 10 லட்சம்" அப்படின்னு ரெண்டு வரியில முடிச்சுட்டாங்க, ஆனா இந்த அப்பீல்ல உண்மையிலேயே கவனிக்க வேண்டியது வேற, அதிகாரிங்க தரப்புல வெச்ச வாதம் ஒவ்வொண்ணும் சாதாரண கிரிமினல் கேஸ்ல நல்லா எடுபடுற வாதம், பல கேஸ்ல அதே வாதத்துல ஆளுங்க விடுதலை ஆகியிருக்காங்க, இங்க மட்டும் ஏன் ஒண்ணுகூட நிக்கல அப்படிங்கறதுதான் விஷயம். என் கணக்குல அதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான். புகார் கொடுக்க வேண்டிய இடமும் குற்றம் பண்ணின இடமும் ஒண்ணா இருந்துச்சு. அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல ஊர். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்துல இருக்கு வாச்சாத்தி. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். (பேரைப் பாத்து கேரளான்னு நினைக்காதீங்க, தமிழ் பேசுற மலைவாழ் மக்கள், சேர்வராயன், கல்வராயன், சித்தேரி பக்கமெல்லாம் இருக்காங்க.) கொஞ்சம் நிலம், ஆடு மாடு, காட்டுல கிடைக்கறது, கூலி வேலை, இவ்வளவுதான் பொழப்பு. அந்த காலம் சந்தனக்கட்டை கடத்தல் உச்சத்துல இருந்த காலம், வீரப்பன் பேர் தினமும் பேப்பர்ல வரும், ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட் மேலயும் போலீஸ் மேலயும் கட்டையைப் புடிச்சு கணக்கு காட்டணும்னு பிரஷர். மரம் வெட்டினது யார், வெட்ட வெச்சது யார், லாரியில ஏத்தி காசு பாத்தது யார், இது மூணும் மூணு வேற ஆளுங்க. மாட்டறது எப்பவுமே முதல் ஆளுதான்.

ஜூன் 20 சனிக்கிழமை காலையில ஃபாரஸ்ட்காரங்க ஒரு சின்ன டீம் சந்தனக்கட்டை தேடி ஊருக்குள்ள வந்தாங்க. ஊர்க்காரங்களோட வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, அதுல ஃபாரஸ்ட் ஊழியர் ஒருத்தருக்கு அடிபட்டுச்சு. இது நடந்தது உண்மை, யாரும் மறுக்கல. ஆனா அதுக்கு பதிலடியா அடுத்த சில மணி நேரத்துல வந்தது சின்ன டீம் இல்ல. வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், மொத்தம் 269. ஒரு குக்கிராமத்துக்குள்ள.

ஆம்பளைங்க நிறைய பேர் மலைக்கு ஓடிட்டாங்க. ஊர்ல மிஞ்சினது பொம்பளைங்க, வயசானவங்க, குழந்தைங்க. எல்லாரையும் வீட்டுல இருந்து இழுத்துட்டு வந்து ஊர் ஆலமரத்தடியில உக்கார வெச்சு அடிச்சாங்க. அங்க இருந்து 18 இளம் பெண்களை மட்டும் தனியா பிரிச்சு, புதைச்சு வெச்ச கட்டையை எடுத்துக் காட்டணும்னு சொல்லி ஏரிப் பக்கம் கூட்டிட்டு போனாங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு விவரிக்கப் போறதில்ல, தீர்ப்புல இருக்கு, கோர்ட்ல அந்தப் பெண்களே வாயால சொன்னது. அதுல ஒரு பொண்ணுக்கு 13 வயசு, அதை மட்டும் சொல்லிடறேன். அப்புறம் எல்லாரையும் ராத்திரியோட அரூர் ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு கொண்டு போனாங்க. அங்கயும் சித்திரவதை. ஊர்க்கவுண்டரை, அதாவது ஊர்த் தலைவரை, ஊர்ப் பெண்கள் கையாலயே துடைப்பத்தால அடிக்க வெச்சாங்க. மலையாளி மக்கள்கிட்ட ஊர்க்கவுண்டர்னா என்ன மரியாதைன்னு தெரிஞ்சவங்களுக்கு, அது வெறும் அடி இல்லன்னு புரியும். அதுக்கப்புறம் சந்தனக்கட்டை கேஸ் போட்டு சேலம் ஜெயில். 90 பெண்கள், 28 குழந்தைங்க, 15 ஆண்கள். இந்த விகிதத்தை ஒரு தடவை பாருங்க, இது கடத்தல் கும்பலைப் புடிச்ச கணக்கா?

ஊருக்குள்ள அடுத்த ரெண்டு மூணு நாளும் அழிவு நிக்கல. வீடெல்லாம் உடைச்சு, தானியத்துல கண்ணாடித் தூளைக் கலந்து, கிணத்துல எண்ணெயை ஊத்தி, ஆடு கோழியை அடிச்சு சாப்பிட்டுட்டு போனாங்க. சந்தனக்கட்டை ரெய்டுக்கும் கிணத்துல எண்ணெய் ஊத்தறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா பதில் கிடையாது. இந்த ஊர் மறுபடி நிக்கக் கூடாதுங்கற எண்ணம்தான் அதுல தெரியுது.

விஷயம் வெளிய வந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் மூலமா. பெ. சண்முகமும் சங்கத்துக்காரங்களும் ஜூலை மாசம் ஊருக்குள்ள போய் பாத்தாங்க, ஆளே இல்லாத ஊரு. மலையில ஒளிஞ்சிருந்தவங்களையும் ஜெயில்ல இருந்தவங்களையும் தேடிப் பேசினதுலதான் கதை முழுசா தெரிஞ்சுது. அப்போ மார்க்சிஸ்ட் கட்சி மாநிலச் செயலாளரா இருந்த ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு போட்டார், அங்க ஹைகோர்ட்டுக்கு போகச் சொன்னாங்க. ஹைகோர்ட்ல முதல்ல என்ன ஆச்சுன்னா, பொறுப்புள்ள அரசு அதிகாரிங்க இப்படியெல்லாம் நடந்திருப்பாங்கன்னு நம்ப முடியலங்கற மாதிரி சொல்லி மனு நிராகரிக்கப்பட்டுச்சு. அதே ஹைகோர்ட்தான். 2023 தீர்ப்பைப் பத்தி பேசும்போது இதை விட்டுட்டு பேசறது நியாயம் இல்ல.

அன்னைக்கு அதிமுக ஆட்சி, ஜெயலலிதா முதலமைச்சர். அரசுத் தரப்பு ஒரேயடியா மறுத்துச்சு. ரெய்டு போனோம், கட்டையைப் புடிச்சோம், வேற எதுவும் நடக்கலன்னுதான் நிலைப்பாடு. கதையை மாத்தினது எஸ்சி எஸ்டி தேசிய ஆணையத்தோட அதிகாரி பாமதி நேர்ல போய் விசாரிச்சு கொடுத்த ரிப்போர்ட். அது வெறும் கட்சிக்காரங்க கிளப்பிவிட்ட புகார் இல்லன்னு ஆனது அங்கதான். 1995ல ஹைகோர்ட் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு, 1996ல சிபிஐ 269 பேர் மேலயும் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணுச்சு.

அதுக்கப்புறம் 15 வருஷம் இழுத்துச்சு. கோயம்புத்தூர், கிருஷ்ணகிரின்னு கேஸ் சுத்தி கடைசியில தருமபுரிக்கு வந்துச்சு. 269 பேர் குற்றவாளிக் கூண்டுலன்னா ஒரு வாய்தாவுக்கு ஒருத்தர் வரலன்னாலே போதும், தள்ளிப் போடலாம். அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலி போச்சு, பஸ் செலவு, மேல அங்க வர்ற அதிகாரிங்க மூஞ்சியை மறுபடி பாக்கணும். இவ்வளவுக்கும் மத்தியில அவங்க கோர்ட்டுக்கு வந்து சொன்னதுல இருந்து பின்வாங்கல, இந்த கேஸ் நின்னதுக்கு முதல் காரணம் அதுதான், வக்கீலுங்க, கட்சி, சங்கம் எல்லாம் அதுக்கு அடுத்ததுதான்.

2011 செப்டம்பர் 29 அன்னைக்கு தருமபுரி முதன்மை செஷன்ஸ் நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பு. 269 பேர்ல 54 பேர் விசாரணை நடக்கும்போதே செத்துப் போயிருந்தாங்க. மீதி 215 பேரும் குற்றவாளி. ஒருத்தர்கூட விடுதலை இல்ல. வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. இதுல நாலு பேர் ஐஎஃப்எஸ் (இந்திய வனப் பணி) அதிகாரிங்க. பாலியல் வன்கொடுமைக் குற்றத்துல 17 பேர், அதுல 12 பேருக்கு 10 வருஷம், 5 பேருக்கு 7 வருஷம். மத்தவங்களுக்கு அவங்கவங்க பங்கைப் பொறுத்து வேற வேற தண்டனை, நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு மூணு வருஷம்தான். எஸ்சி எஸ்டி வன்கொடுமை தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்துச்சு.

இதை எதிர்த்துத்தான் ஹைகோர்ட்ல அப்பீல். இங்க கொஞ்சம் சட்டம் பேசணும், பொறுத்துக்கோங்க. செஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு எதிரா ஹைகோர்ட் போறது, 2024 ஜூலை வரைக்கும் அமல்ல இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 374வது பிரிவுல வந்த முதல் அப்பீல். இது உரிமை, கோர்ட் தயவு பண்ணி எடுத்துக்கறது இல்ல. முதல் அப்பீல்ல ஹைகோர்ட் சாட்சியம் முழுசையும் மறுபடி எடைபோட்டுப் பாக்கணும், கீழ்க்கோர்ட் சொன்னது பாத்தா சரியாத்தான் இருக்குன்னு சொல்லி மூடிட முடியாது. அதனால "தள்ளுபடி"ன்னா ஹைகோர்ட் கதவையே திறக்கலன்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. எல்லா சாட்சியத்தையும் பாத்துட்டு, கீழ்க்கோர்ட் முடிவுல கை வைக்க காரணம் இல்லன்னு சொல்றது. சுப்ரீம் கோர்ட்ல ஸ்பெஷல் லீவ் மனு (அப்பீல் போக அனுமதி கேக்கற மனு) ஒரே வரியில தள்ளுபடி ஆகறது வேற, இது வேற.

இன்னொண்ணு, அப்பீல் நிலுவையில இருக்கும்போது தண்டனையை நிறுத்தி வெச்சு ஜாமீன் வாங்கலாம், அந்தப் பழைய சட்டத்துல 389வது பிரிவு. மூணு வருஷத்துக்குள்ள தண்டனைன்னா அப்பீல் போறதுக்கு டைம் வேணும்னு தண்டனை கொடுத்த கோர்ட்லயே ஜாமீன் கிடைக்கும். அப்போ இந்த 12 வருஷம் யாருக்கு ஓடுச்சுன்னு யோசிங்க. தண்டனை கிடைச்சவங்க வெளிய, ரிட்டையர் ஆகி, வயசாகி, சிலர் செத்தும் போனாங்க. அப்பீல் தாமதம் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி வலிக்கும்னு சொல்றவங்க இந்த கேஸைப் பாக்கணும்.

சரி, வாதத்துக்கு வருவோம். அதிகாரிங்க தரப்புல பெருசா சொன்னது தாமதம். சம்பவம் ஜூன்ல, பாலியல் வன்கொடுமைப் புகார் எழுத்துல வந்தது ஆகஸ்ட்ல. ரெண்டு மாசம் ஏன் பேசல, ஜெயில்ல அடைக்கறதுக்கு முன்னாடி மாஜிஸ்ட்ரேட்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஜெயில் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே, சொல்லலன்னா நடக்கலன்னுதானே அர்த்தம், சங்கத்துக்காரங்க வந்தப்புறம் சொல்லிக் கொடுத்து சொன்ன கதை இது, அப்படிங்கறது லைன். காகிதத்துல படிச்சா ஸ்ட்ராங்கா தெரியும். ஒரு சாதாரண அடிதடி கேஸ்ல எஃப்ஐஆர் ரெண்டு நாள் லேட்டானாலே கேஸ் ஆட்டம் காணும்.

ஆனா நிலைமையை நினைச்சுப் பாருங்க. புகாரை வாங்க வேண்டியது அரூர் போலீஸ், ரெய்டு வந்ததும் போலீஸ். மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கூட்டிட்டு போறதும் அதே காக்கிச் சட்டை, பக்கத்துல நிக்கறதும் அதே ஆளு, வாயைத் தொறந்தா என்ன ஆகும்னு மிரட்டினதும் அதே ஆளு. வெளிய ஊரே இல்ல, வீட்டு ஆம்பளைங்க மலையில. ஜெயிலுக்குள்ள இருக்கற பொண்ணு யார்கிட்ட போய் சொல்லணும்? ஹைகோர்ட் இந்தத் தாமதத்தை கேஸை உடைக்கற அளவுக்குப் பாக்கல. பாலியல் குற்றங்கள்ல தாமதத்தை இயந்திரத்தனமா எடுத்துக்கக் கூடாதுன்னு 1996லயே சுப்ரீம் கோர்ட் குர்மித் சிங் கேஸ்ல சொல்லிடுச்சு, பாதிக்கப்பட்ட பொண்ணு சாட்சியம் நம்பும்படியா இருந்தா அதுக்கு மேல வேற ஆதாரம் கட்டாயம் இல்லன்னும் அதுல இருக்கு. வாச்சாத்தியில ஒரு பொண்ணு இல்ல, 18 பேர். அவங்க தவிர ஊர்க்காரங்களும் சாட்சி. அந்த சாட்சியம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறதாவும் நம்பத்தகுந்ததாவும் இருக்குன்னு ஹைகோர்ட் சொல்லிடுச்சு.

அடுத்து முரண்பாடுங்க, ஆளை அடையாளம் காட்டற விஷயம். இத்தனை பேர்ல யார் யாருன்னு எப்படித் தெரியும், வருஷங்கழிச்சு காட்டற அடையாளத்தை எப்படி நம்பறது. இதுல ஓரளவு நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். 269 பேர் கேஸ்ல ஒவ்வொருத்தர் பங்கும் தனித்தனியா நிரூபிக்கணும், கூட்டத்தோட வந்தவன்லாம் குற்றவாளின்னு மொத்தமா எழுதிட முடியாது. ஆனா சட்டத்துல ரெண்டு விஷயம் இருக்கு. போலீஸ் விசாரணையில நடக்கற அடையாள அணிவகுப்பு துணை ஆதாரம் மட்டும்தான், கோர்ட்ல சாட்சி நின்னு காட்டறதுதான் முக்கிய ஆதாரம். ரெண்டாவது, தெருவுல ஒரு நிமிஷம் பாத்த திருடனை அடையாளம் காட்டற மாதிரி இல்ல இது, பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, ஆபீஸ்ல உக்கார வெச்சு அடிச்ச ஆளுங்க, அதுலயும் ஃபாரஸ்ட்காரங்க அந்தப் பக்கம் வழக்கமா சுத்தறவங்க. அந்த மூஞ்சி மறக்குமா?

அப்புறம் "நாங்க டூட்டியிலதான் போனோம்" வாதம். கட்டை கிடைச்சுது, ரெய்டுக்கு காரணம் இருந்துச்சு, ஊர்க்காரங்க தாக்கினாங்க, அதனால ஃபோர்ஸ் போச்சு. இந்த இடத்துல ஹைகோர்ட் புடிச்ச பாயிண்ட் ரொம்ப சிம்பிள். ரெய்டுக்கு பெண் போலீஸும் வந்திருந்தாங்க. ஆலமரத்தடியில அவங்க இருந்தாங்க. அப்படி இருக்கும்போது 18 பெண்களை மட்டும் தனியா பிரிச்சு ஏரிக்குக் கூட்டிட்டு போகும்போது ஏன் ஒரு பெண் போலீஸ்கூட கூடப் போகல? கட்டை தேடறதுதான் நோக்கம்னா ஊர்ல இருந்த வயசானவங்களைக் கேக்கலாம், ஊர்க்கவுண்டரைக் கேக்கலாம், ஏன் இளம் பெண்கள் மட்டும்? இந்தக் கேள்விக்கு டூட்டிங்கற பதில் ஒத்து வரல. எனக்கு இந்த தீர்ப்புல ரொம்பப் புடிச்ச இடம் இதுதான், பெரிய தத்துவம் எதுவும் பேசாம, அவங்க சொன்ன கதையையே எடுத்து அதுக்குள்ள ஓட்டையைக் காட்டறது.

அதோட நிக்கல. உண்மையான கடத்தல்காரங்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாத்தத்தான் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூணும் அன்னைக்கு இருந்த அரசோட துணையோட ஒரு பெரிய நாடகத்தை நடத்தினாங்க, அதுல அப்பாவிப் பழங்குடிப் பெண்கள் பலியானாங்கன்னு தீர்ப்பு சொல்லுது. கவனிங்க, இது எதிர்க்கட்சி மேடைப் பேச்சு இல்ல, ஹைகோர்ட் நீதிபதி தீர்ப்புல எழுதினது. முதல்ல சொன்னேன்ல, வெட்டறவன் வெட்ட வெக்கறவன் காசு பாக்கறவன்னு, அந்த மூணாவது ஆளைத் தொடாம முதல் ஆளோட ஊரையே அழிச்சதுதான் வாச்சாத்தி.

இன்னொரு விஷயம் இந்த அப்பீலை வித்தியாசப்படுத்துது. தீர்ப்பை ஒத்தி வெச்சப்புறம் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச் 4 அன்னைக்கு நேரா வாச்சாத்திக்கே போனார். ஊர், ஏரி எல்லாத்தையும் பாத்தார், மக்கள்கிட்ட பேசினார். ஜட்ஜ் ஸ்பாட்டுக்கு போறதுக்கு அப்போ இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 310வது பிரிவு இருந்துச்சு, சாட்சியத்தைச் சரியா புரிஞ்சுக்க இடத்தைப் பாக்கலாம், பாத்ததை குறிப்பா எழுதி வைக்கணும். புது ஆதாரம் சேகரிக்கப் போறது இல்ல அது. ஆனா அப்பீல் கோர்ட் ஜட்ஜ், கட்டு கட்டா பேப்பரைப் படிச்சுட்டு முடிவு எழுத வேண்டியவர், சம்பவம் நடந்து 30 வருஷத்துக்கு அப்புறம் அங்க போய் நிக்கறது அபூர்வம். அதே 2023 ஜனவரியில கோகுல்ராஜ் கொலை கேஸ் அப்பீல்ல நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போய் சிசிடிவி கேமரா இருந்த இடத்தையெல்லாம் பாத்தாங்க, அந்த கேஸ்லயும் முக்கியக் குற்றவாளி யுவராஜோட ஆயுள் தண்டனை உறுதியாச்சு. ஒரே வருஷத்துல ரெண்டு. இது ஒரு வழக்கமா மாறினா நல்லதா கெட்டதான்னு வக்கீலுங்ககிட்ட ரெண்டு கருத்து இருக்கும். ஜட்ஜ் கண்ணால பாத்ததை எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணை பண்ண முடியாதுங்கறது நியாயமான கவலைதான். ஆனா ஆலமரத்துக்கும் ஏரிக்கும் எவ்வளவு தூரம்னு மேப்ல பாக்கறதும் அந்த வழியில நடந்து பாக்கறதும் ஒண்ணு இல்ல.

தீர்ப்போட கடைசிப் பகுதி, உத்தரவுகள். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபா இழப்பீடு, அரசு உடனே கொடுக்கணும், யாராவது இறந்திருந்தா குடும்பத்துக்கு. அதுல பாதி, அதாவது 5 லட்சம், பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிங்ககிட்ட இருந்து வசூல் பண்ணணும். அந்தப் பெண்களுக்கோ குடும்பத்துல ஒருத்தருக்கோ சுயதொழில் இல்லன்னா நிரந்தர வேலை. ஊரோட வாழ்வாதாரத்தை உயர்த்த என்ன பண்ணினாங்கன்னு அரசு கோர்ட்டுக்கு ரிப்போர்ட் கொடுக்கணும். தண்டனை பெற்றவங்களை மீதி தண்டனையை அனுபவிக்க செஷன்ஸ் கோர்ட் காவல்ல எடுக்கணும். அப்புறம், அன்னைக்கு இருந்த மாவட்ட கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மேல கடும் நடவடிக்கை எடுக்கணும்.

இந்த கடைசி உத்தரவைப் பத்தி என் கருத்தைச் சொல்லிடறேன், நிறைய பேருக்குப் புடிக்காம போகலாம். நியாயமா பாத்தா ரொம்ப சரி. 269 பேர் ஒரு ஊருக்குள்ள போறது மாவட்டத் தலைமைக்குத் தெரியாம நடக்கவே நடக்காது. தெரிஞ்சும் ஒண்ணும் பண்ணலன்னு தீர்ப்பு சொல்றதும் அதனாலதான். ஆனா சட்டமா பாத்தா இது ரொம்ப பலவீனமான உத்தரவு. குற்றப்பத்திரிகையில கலெக்டர், எஸ்பி மேல அந்தக் கோணத்துல கேஸ் இல்ல, அவங்க தரப்பைக் கேக்காம தண்டனைக்கு எதிரான அப்பீல்ல "நடவடிக்கை எடு"ன்னா என்ன நடவடிக்கை? 31 வருஷம் ஆச்சு, ரிட்டையர் ஆனவங்க மேல துறை நடவடிக்கைக்கு கால வரம்பு இருக்கு, பென்ஷன் விதியில நாலு வருஷத்துக்கு மேல பழைய விஷயத்தைத் தோண்டறது சாதாரணமா முடியாது. கிரிமினல் கேஸ்னா புதுசா விசாரணை வேணும். அதை 1996ல குற்றப்பத்திரிகை போடும்போதே சிபிஐ பண்ணியிருக்கணும், மேல இருக்கற ஆபீஸை விட்டுட்டு கீழ இருக்கற வாட்சர், கார்டு, கான்ஸ்டபிள் பக்கம்தான் எண்ணிக்கை கூடியிருக்கு. நாலு ஐஎஃப்எஸ் அதிகாரிங்க மாட்டினதே இந்த நாட்டுல பெரிய விஷயம்னு சொல்வாங்க, அதுவும் உண்மைதான், அந்த உண்மைதான் கடுப்பா இருக்கு.

இழப்பீடு பத்தியும் ஒண்ணு. 10 லட்சம்ங்கறது 2023ல ஒரு டூவீலர் விபத்து கேஸ்லயே ட்ரிப்யூனல் கொடுக்கற தொகை. ஆனா பாதியைக் குற்றவாளி பாக்கெட்ல இருந்து எடுக்கச் சொன்னது வித்தியாசமானது, வழக்கமா அரசு கொடுத்துட்டு கணக்கை மூடிடும், குற்றம் பண்ணின அதிகாரிக்கு பணமா ஒரு பைசா நஷ்டம் வராது, நம்ம வரிப்பணம்தான். அந்த வகையில இந்த உத்தரவை மத்த காவல் சித்திரவதை கேஸ்கள்ல வக்கீலுங்க எடுத்துக் காட்டணும்.

தண்டனை குறைப்பு கேட்டும் வாதம் வந்திருக்கும், வராம இருக்காது. வயசாச்சு, உடம்பு சரியில்ல, இவ்வளவு வருஷம் கேஸ் நடந்ததே தண்டனை, இப்படி. நிறைய அப்பீல்ல ஹைகோர்ட் குற்றத்தை உறுதி பண்ணிட்டு "ஏற்கனவே அனுபவிச்ச காலம் போதும்"னு தண்டனையைக் குறைச்சு விட்டுடும், பாத்திருப்பீங்க. இங்க அது நடக்கல. சட்டத்துல தாமதம் தண்டனைக் குறைப்புக்கு ஒரு காரணமா எடுபடும், ஆனா தாமதத்துக்கு காரணமே எதிரித் தரப்பா இருந்தா அது எடுபடக் கூடாது. 1992ல மறுத்தது, புகார் வாங்காதது, சிபிஐ விசாரணை வரவே மூணு வருஷம் இழுத்தது, வாய்தா மேல வாய்தா வாங்கினது, இதெல்லாம் பண்ணிட்டு "ரொம்ப வருஷம் ஆச்சு சார்"னு கேக்க முடியாது.

சட்டம் படிக்கற பசங்க இந்த தீர்ப்பைப் படிக்கணும்னா நேரா உத்தரவுப் பகுதிக்குப் போகாதீங்க. அந்தப் பெண்களோட சாட்சியத்தையும் அதுல நடந்த குறுக்கு விசாரணையையும் தீர்ப்பு எப்படி எடுத்துப் பேசுதுன்னு பாருங்க. எத்தனை வக்கீல், எத்தனை எதிரி, ஒரே கேள்வியை எத்தனை விதமா கேட்டிருப்பாங்க, படிக்காத மலைவாழ் பொண்ணு, தேதி கேட்டா தடுமாறுவா, நேரம் கேட்டா வெயில் ஏறின நேரம்னு சொல்வா. இதைத்தான் எதிர்த் தரப்பு முரண்பாடுன்னு காட்டும், அதே முரண்பாட்டை கோர்ட் சொல்லிக் கொடுத்து சொல்லாத சாட்சிக்கு அடையாளமா எடுத்துக்க முடியும். பாடப் புத்தகத்துல "சாட்சியத்தை மதிப்பிடுதல்"னு ஒரு அத்தியாயம் இருக்கும், அதை விட இது நல்லா புரிய வைக்கும்.

தண்டிக்கப்பட்டவங்கள்ல சிலர் ஹைகோர்ட் தீர்ப்பை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனாங்க. அது அவங்க உரிமை. ஆனா அங்க போனா நிலைமை வேற, ரெண்டு கோர்ட்டும் உண்மை விஷயத்துல ஒரே முடிவு எடுத்திருந்தா சுப்ரீம் கோர்ட் சாதாரணமா சாட்சியத்துக்குள்ள மறுபடி இறங்காது, சட்டப் பிழையோ பெரிய அநியாயமோ காட்டணும். அதனால யார் சொன்னதை நம்பறதுங்கற கேள்விக்கு கடைசியா முழுசா பதில் வந்த இடம்னா 2023 செப்டம்பர்ல வந்த இந்த அப்பீல் தீர்ப்புதான்.